மனை உடுத்தும் ஆடை

சேத்தூருக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த தலம் தேவதானம். அங்கு எழுந்தருளியிருக்கும் ஈசனின் திருநாமம் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி. அன்னையின் திருநாமம் தவம்பெற்ற நாயகி. சங்கரன்கோவில் நிலத்துக்கும், கரிவலம்வந்தநல்லூர் நெருப்புக்கும், தாருகாபுரம் நீருக்கும், தென்மலை காற்றுக்கும் உரியனவாகப் போற்றப்படும் தென்பாண்டி நாட்டுப் பஞ்சபூதத் தலங்களுள், தேவதானம் ஆகாயத்துக்குரியது. பகைமை கொண்ட சோழன், நஞ்சு தோய்த்த ஆடையொன்றைப் பாண்டிய மன்னனுக்குப் பரிசென அனுப்பியபோது, இறைவன் அதனை உணர்த்தி மன்னனைக் காத்தருளினான் என்பது தலவரலாறு.

இவ்வரலாறு நல்லாடை உடுத்தலாகாது என்று சொல்லவில்லை. ஆடை எங்கிருந்து வந்தது, அதில் என்ன தோய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து உடுத்துக என்றே சொல்கிறது. மனிதர்க்கு ஆடை எப்படியோ, மனைக்கு வண்ணமும் கோலமும் அப்படி. மார்கழி முடிந்து தை பிறப்பதற்குள் சுவருக்குப் பூச்சும் கதவுக்கு மெருகும் ஏற்றும் வழக்கம் இப்பகுதியில் இன்றும் இருக்கிறது. அவ்வேளையில் பல வீடுகளில் ஒரு சிறு வழக்கும் எழுகிறது. பளிச்சென்ற நிறம் கண்ணியமன்று, வெள்ளையும் சாம்பலுமே நாகரிகம் என்பார் ஒருவர். வீடு மருத்துவமனை போல் வெளிறிக் கிடக்கலாமா என்பார் மற்றொருவர். இவ்வழக்குக்குரிய தீர்ப்பு, வாரந்தோறும் வணங்கச் செல்லும் கோயிலிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

கோயில் கற்பிக்கும் முறை

மதுரை மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களில் எண்ணற்ற சுதை உருவங்கள் பச்சையும் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக நெருங்கி நிற்கின்றன. திருவில்லிபுத்தூரின் ராஜகோபுரமோ 11 நிலைகளுடன் 190 அடிக்கு மேல் உயர்ந்திருப்பினும், சுதை உருவங்களின் நெருக்கமின்றி, தன் வடிவின் கம்பீரத்தாலேயே அழகு பெறுகிறது. இரண்டுமே அழகுதான். வண்ணத்தின் மிகுதியும் அழகாகலாம், அடக்கமும் அழகாகலாம் என்பதற்கு இவ்விரண்டைக் காட்டிலும் சான்று வேண்டியதில்லை.

கோபுரத்தைக் கடந்து உள்ளே செல்வோர் மற்றொன்றையும் உணர்வர். வெளி மதிலில் செங்காவியும் சுண்ணாம்பு வெள்ளையும் மாறி மாறிப் பட்டைகளாக இறங்குகின்றன. மண்டபங்களில் வண்ணம் சற்றே தணிகிறது. கருவறையை நெருங்க நெருங்கக் கருங்கல் தன் இயல்பான நிறத்திலேயே நிற்கிறது. இறுதியில் இருளும் ஒரு விளக்கும் மட்டுமே எஞ்சுகின்றன. அங்கே அடியவரின் கண் அலைவதற்கு வேறொன்றும் இல்லை. வரவேற்குமிடத்தில் வண்ணம், வணங்குமிடத்தில் அமைதி என்பதே கோயில் கட்டியவர்கள் வகுத்த முறை.

இல்லத்துக்கும் இதே முறை பொருந்தும். தெருவை நோக்கிய திண்ணை, வாயில், கூடம் ஆகியவற்றில் துணிந்த நிறங்களும் பெரிய வடிவங்களும் இடம்பெறலாம். பூசையறையிலும் படுக்கையறையிலும் அவை தணிய வேண்டும். பூசையறைச் சுவர் முழுவதும் மின்னும் ஓடுகளைப் பதித்துவிட்டால், தெய்வத் திருவுருவத்தைக் காட்டிலும் சுவரே முன்னால் வந்து நிற்கும்.

கோதை காட்டிய அழகு

அலங்காரம் பக்திக்குப் புறம்பானது என்று கருதுவோர் திருவில்லிபுத்தூரை நினைத்துக்கொள்ள வேண்டும். சூடிய மாலையில் தன்னைக் கண்டு மகிழ்ந்த கோதையின் கண்ணாடிக் கிணறு இன்றும் அங்கே காட்டப்படுகிறது. நாச்சியார் திருமொழியின் முதல் பதிகத்தில், தரையைத் தூய்மை செய்து மண்டலமிடுதலும், நுண்மணலால் தெருவை அணிசெய்தலும் நோன்பின் பகுதிகளாகவே வருகின்றன. இரண்டாம் பதிகம், சிறுமியர் பாடுபட்டுக் கட்டிய மணல் வீட்டைக் கண்ணன் சிதைக்க வேண்டா என்னும் வேண்டுகோள். வீட்டை அழகுபடுத்தும் ஆவல் எத்துணை இளமையில் தொடங்குகிறது என்பதை அறிந்தவள் ஆண்டாள்.

அவள் கையில் நாள்தோறும் புதிதாக அமரும் கிளியைப் பாருங்கள். பச்சிலைகளால் உடல், மாதுளம்பூவால் அலகு, மூங்கில் குச்சியால் கால். பச்சையின் பரப்பில் சிறிதளவே சிவப்பு. அச்சிறு சிவப்பே கிளிக்கு உயிர் தருகிறது. அதற்காக அங்கே செலவிடப்படுவது பொன்னன்று, மணிக்கணக்கான கைவேலை. சேத்தூரைச் சூழ்ந்த வயலும் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் காட்டுவதும் இதே கணக்குதான். பெரும்பரப்பு ஒரு நிறம். அதனிடையே பூவும் கனியும் சிறு புள்ளிகள். வீட்டில் நான்கு சுவர்களுக்கும் நான்கு கடும் நிறங்களைப் பூசிவிட்டுக் கண் கூசுகிறதே என வருந்துவோர், கிளியின் அலகை நினைத்தால் போதும்.

புள்ளியும் கோடும்

துணிந்த வடிவமைப்பு என்பது அயல்நாட்டு இதழ்களிலிருந்து கற்க வேண்டிய கலையன்று. விடியலில் வாசலில் இடும் கோலத்தைக் காட்டிலும் துணிந்த வடிவம் வேறில்லை. புள்ளிகளைச் சுற்றி ஒரே கோடு வளைந்து, எங்கும் அறுபடாமல் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் சிக்குக் கோலம், அறிஞர்களையும் ஈர்த்திருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்ந்தோரும் 1974-இல், கோலத்தின் அமைப்பைக் கணிதவழி இலக்கணமாக விளக்கி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். எழுத்தறியாத பாட்டிமார் விரல் நுனியில் வைத்திருந்த விதிகளைக் கணினி இயலார் பின்னர் எழுதிப் படித்தனர்.

அக்கோலம் இன்று வாசலை இழந்து வருகிறது. புதுப்பிக்கும் வீடுகளில் வாசற்படிவரை வழவழப்பான ஓடு பதிக்கப்படுகிறது. அரிசி மாவு அதில் பிடிப்பதில்லை, காற்றடித்தால் கலைகிறது. பின்னர் ஒட்டும் தாளில் அச்சிட்ட கோலம் வாங்கப்படுகிறது. அது தேயும்வரை மாறாமல் கிடக்கிறது. எறும்புக்கும் அதில் உணவில்லை. இதற்கு மாற்று எளியது. வீடு கட்டும்போதே வாசலில் நான்கடிச் சதுரத்தைச் சொரசொரப்பான கல்லாகவோ, சிவப்புப் பூச்சுச் சிமெண்டுத் தரையாகவோ விட்டுவைத்தால், அதில் வெண்கோலமும் செம்மண் கரையும் எழுந்து நிற்கும். மழைநாளில் முதியோர் வழுக்கி விழும் அச்சமும் குறையும்.

செட்டிநாட்டுப் பாடம்

வண்ணமும் வடிவமும் கண்ணியத்தோடு இணைந்த இல்லங்களுக்குத் தமிழகத்தின் சிறந்த எடுத்துக்காட்டு செட்டிநாடு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மா, இலங்கை, மலாயா முதலிய நாடுகளில் வாணிகம் செய்து ஈட்டிய பொருளைக்கொண்டு நகரத்தார் அவ்வீடுகளை எழுப்பினர். முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்களும் வண்ணக் கண்ணாடிகளும் பூவோடுகளும் விருந்தினரை வரவேற்கின்றன. வளவு குடும்பச் சடங்குகளுக்கு இடமாகிறது. அடுத்தடுத்த கட்டுகளுக்குச் செல்லச் செல்ல எளிமை கூடுகிறது. கோயில் முறை இங்கே மனைமுறையாயிற்று.

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் இன்றும் கையாலேயே தரை ஓடுகள் செய்யப்படுகின்றன. கண்ணாடிப் பலகையின்மேல் சட்டத்தை வைத்து, அதனுள் பூவடிவ அச்சை அமர்த்தி, அறைதோறும் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றுகின்றனர். அச்சை மெல்ல உயர்த்தியபின், அதன்மீது உலர்ந்த மணல்–சிமெண்டுக் கலவையைத் தூவி, ஈரக்கலவையால் நிரப்பிச் சமன் செய்கின்றனர். உலர்ந்தபின் நீர்த்தொட்டியில் சில நாள் ஊறவைக்க, ஓடு இறுகிக் கண்ணாடியிலிருந்து விடுபடுகிறது. சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியைத் தொட்ட முகமே ஓட்டின் பளபளப்பான முகம். அடிக்கடி துடைக்கவும் நடக்கவும் அதன் மெருகு கூடும். பூட்டிய வீட்டில் மங்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமான பின்னர், நகரத்தாரின் செல்வம் குன்றியது. பல மாளிகைகள் பிற்காலத்தில் பிரிக்கப்பட்டு, அவற்றின் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு வந்தன. நூறாண்டு நிலைத்த தரையை ஒரே பகலில் கடப்பாறை பெயர்த்துவிடும். பழைய வீட்டைப் புதுப்பிப்போர், காவித்தரையோ பூவோடோ விரிசலின்றி இருக்குமாயின், அதனைப் பெயர்க்குமுன் ஒரு முறைக்கு இருமுறை சிந்திக்க வேண்டும். அதன்மேல் தவழ்ந்த குழந்தைகள் இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பர்.

சேலையின் இலக்கணம்

செட்டிநாட்டு மாளிகை எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. ஆயின் நிறங்களைச் சேர்க்கும் இலக்கணத்தை ஒவ்வொரு வீட்டின் துணிப்பெட்டியிலும் காணலாம். சேலையின் உடல் ஒரு நிறம். கரை அதற்கு மாறான நிறம். முந்தியில் மட்டுமே பெரிய வேலைப்பாடு. அறைக்கும் அவ்வாறே. சுவர்களில் மூன்று உடலாக நின்று மென்மையான நிறம் பெறட்டும். கதவு, சன்னல், சுவரின் அடிப்பட்டை ஆகியவை கரையாகட்டும். எஞ்சிய ஒரு சுவரோ, தரைவிரிப்போ, திரைச்சீலையோ முந்தியாகட்டும். முந்தி இரண்டானால் சேலை கெடும்.

தளவாய்புரத்திலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நைட்டி தைக்கும் தொழில் பெருகியிருப்பதால், பூவும் கட்டமும் அச்சிட்ட துணிகளுக்கு இப்பகுதியில் குறைவில்லை. தையலில் எஞ்சும் வெட்டுத்துணிகளை இணைத்துத் தைத்தால் தலையணை உறையும் மேசை விரிப்பும் ஆகும். ஒரு நிறம் எல்லாத் துண்டுகளிலும் பொதுவாக இருந்தால் எத்தனை வடிவங்கள் கலந்தாலும் உறுத்தாது. வெயில் தாக்கும் மேற்குச் சுவரின் வெளிப்புறத்துக்கும் மாடித்தளத்துக்கும் வெளிர்நிறமே ஏற்றது. அடர்நிறம் வெப்பத்தை உண்டு வீட்டுக்குள் விடும். வெளிச்சம் குறைந்த உள்ளறைக்கு இளமஞ்சள் உதவும்.

நச்சாடை தவிர்த்தல்

இனி, தேவதானத்து ஈசனின் திருநாமம் உணர்த்தும் எச்சரிக்கைக்கு வருவோம். பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமல் பூச்சுகளில் நிறம் ஓங்கவும் விரைவில் உலரவும் நெடுங்காலம் ஈயச் சேர்மங்கள் கலக்கப்பட்டு வந்தன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் கற்கும் திறனையும் தாக்குவது. குழந்தையின் இரத்தத்தில் இவ்வளவு இருக்கலாம் எனக் கூறத்தக்க தீங்கற்ற அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இந்தியாவில் 2016-இல் வகுக்கப்பெற்று 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகள், வீட்டுப் பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என வரையறுத்துள்ளன. டப்பாவின் மேல் அது குறிக்கப்பட்டிருக்க வேண்டும். வாங்குமுன் அவ்வரியைப் படிப்பது, பாண்டியனுக்கு வந்த ஆடையைச் சோதிப்பதற்கு ஒப்பாகும்.

பெரிய அபாயம் புதிய டப்பாவில் இல்லை. பழைய கதவிலும் சன்னலிலும் இருக்கிறது. தாத்தா காலத்துப் பூச்சை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்கும்போது எழும் தூள் தரையில் படிகிறது. தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. ஆகவே பழம்பூச்சு உரியாமல் உறுதியாக இருந்தால், சுரண்டாமல் அதன்மேலேயே புதுப்பூச்சு இடுதல் நன்று. சுரண்டியே தீர வேண்டுமெனில் நீர் தெளித்து ஈரமாகத் தேய்க்க வேண்டும். கீழே விரிப்பிட்டுத் தூளைச் சேகரித்து அகற்ற வேண்டும். பெருக்காமல், ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வேலை முடியும்வரை குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அவ்வறைக்குள் வரலாகாது. பூச்சு வேலை செய்யும் தொழிலாளருக்கும் முகக்கவசம் தருதல் வீட்டாரின் கடமை. நாள்தோறும் அத்தூளைச் சுவாசிப்பவர் அவரே.

மற்றொரு நஞ்சும் உண்டு, அது கடன். கிரகப்பிரவேசத்துக்கு வருவோர் வியக்க வேண்டும் என்பதற்காகச் சுவரலங்காரத்துக்கு வட்டிக்கு வாங்கினால், வண்ணம் மங்கிய பின்னும் தவணை நிற்கும். சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்த வெள்ளை, அடியில் செங்காவிப் பட்டை, நிலைக்கு மஞ்சளும் குங்குமமும், மேலே மாவிலைத் தோரணம், வாசலில் மாக்கோலம். இவ்வைந்துக்கும் ஆகும் செலவு சிறிது. இவற்றால் எழும் மங்கலத்துக்கு ஈடில்லை.

மனை என்பது ஒரு குடும்பம் தன்னை உலகுக்குக் காட்டும் முகம் மட்டுமன்று. நாளெல்லாம் உழைத்துத் திரும்புவோரை ஏற்கும் மடியுமாகும். முகத்துக்குப் பொலிவும் மடிக்கு இதமும் வேண்டும். வாயிலில் நிறம் சிரிக்கட்டும். உள்ளே விளக்கு ஒன்று அமைதியாக எரியட்டும். சுவரைத் தொட்டு நடை பழகும் குழந்தையின் விரலில் நஞ்சு ஒட்டாதிருக்கட்டும். நச்சாடை தவிர்த்தருளிய பெருமான் அத்தகைய இல்லங்கள் அனைத்தையும் காத்தருள்வானாக.