எரிகிற விளக்கும் எலுமிச்சம் பழமும்

நம் நாட்டில் மனிதனுக்கு மாத்திரமல்ல, மோட்டார் வண்டிக்கும் திருஷ்டி, தோஷம், கிரகபலன் எல்லாம் வந்துவிட்டன. வண்டி இழுக்கவில்லை என்றால் காரணம் தேடுகிறவனைவிடப் பரிகாரம் தேடுகிறவனே அதிகம்.

இந்த வேடிக்கை எங்கே நடக்கிறது? 1965-இலேயே டாங்கி செய்து வெளியே அனுப்பிய ஆவடியில்! 1964-இல் தொழிற்பேட்டை கண்ட அம்பத்தூரில்! மோட்டாருக்கு ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் செய்து பழகிய பாடியில்! எந்திரத்தை உண்டாக்குகிற அதே கைதான், ஆயுத பூசையன்று அதன் சக்கரத்தடியில் எலுமிச்சம் பழத்தை வைக்கிறது.

நமக்குத் தெரிந்த ஆவடித் தோழர் ஒருவர் பழைய காரை வாடகைக்கு ஓட்டிப் பிழைத்து வந்தார். வளைவில் திரும்பும்போதெல்லாம் ஆயில் விளக்கு சிவப்பாய் மினுக்கி அணைந்தது. அவர் பூசணிக்காய் உடைத்தார். சில நாளில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் எஞ்சின் 'டகடக'வென்று தட்டி, இறுகி நின்றுவிட்டது. ஜோசியர், “வாகன ஸ்தானத்தில் சனி” என்று மறுபடியும் தட்சணை வாங்கிக்கொண்டார். மெக்கானிக்கோ டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார். நுனியில்கூட ஆயில் இல்லை. எஞ்சினும் போயிற்று, பிழைப்பும் போயிற்று. சனி எங்கே இருந்தான் அய்யா? ஆயில் சட்டியிலா, ஜோசியர் மடியிலா?

விளக்கு எரிவது விதியல்ல, சேதி. ஆயில் விளக்கு எரிந்தால் ஆயில் அழுத்தம் குறைந்தது என்று பொருள். அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்தவேண்டும். ஓடும்போது பாட்டரி விளக்கு எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள், பெல்ட்டைப் பாருங்கள். பல பழைய வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. அது அறுந்தால் சூடு முள்ளும் ஏறும். அப்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் வெந்துபோவது உங்கள் முகம்; எந்த மந்திரமும் அதைத் தடுக்காது. வண்டி இழுக்கவில்லையா? ஏர் பில்டர், பிளக், நழுவுகிற கிளட்ச், விடாமல் பிடிக்கிற பிரேக் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சற்று ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரம் மாத்திரம் மற்றவற்றைவிட அதிகமாய்ச் சுட்டால் பிரேக்கின்மேல் சந்தேகப்படுங்கள்.

நிற்க. பூசணிக்காய் உடைக்காததாலேயே பகுத்தறிவுவாதியாகிவிட்டதாக நம்மவர் சிலர் எண்ணுகிறார்கள். எஞ்சின் விளக்கு எரிகிறதென்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு ஓட்டுகிறவர் யார்? அவரும் பக்தரே! இன்னொருவர் இருக்கிறார். கருவியை மாட்டி, அது காட்டிய எண்ணைப் பார்த்து, உடனே ஒரு சென்சாரை மாற்றச் சொல்லுவார். கலவையில் காற்று அதிகம் என்று கருவி சொன்னால் ரப்பர் குழாய் கிழிந்திருக்கலாம். பெட்ரோல் சரியாக வராதிருக்கலாம். கருவி தேடவேண்டிய திசையைக் காட்டும், தேடவேண்டியது மனிதன். கருவியை வேதமாக்கினால் அதற்கும் ஒரு புரோகிதன் வந்துவிடுவான்.

அம்பத்தூர் ஓரத்துப் பட்டறையில் கரி படிந்த கையோடு, “எப்போதிருந்து? சூட்டிலா, குளிரிலா? ஏற்றத்திலா, சமதரையிலா?” என்று கேட்கிற மெக்கானிக் ஒருவர் இருந்தால், அவர் எழுத்து வாசனை இல்லாதவராயினும், நூறு சாஸ்திரிகளைவிட அறிவாளி என்பேன். ஏனென்றால் அவர் கேட்கிறார், சோதிக்கிறார், தவறினால் மாற்றிக்கொள்ளுகிறார்.

ஆகவே தோழர்களே! வண்டியில் விளக்கு எரிந்தால், 'ஏன்?' என்று கேளுங்கள். இந்தச் சிறு காரியத்தில் கேட்டுப் பழகினவன், சாதி ஏன், சடங்கு ஏன் என்று கேட்கவும் ஒருநாள் துணிவான். அந்தப் பயத்தினால்தான் எலுமிச்சம் பழத்தை நம் கையில் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.