சுவருக்கு வாடகை



நவம்பர் மாதக் கழிவு விற்பனை வந்தால் எங்கட ஆக்களுக்குள்ள ஒரு கேள்வி சுற்றும்: எந்த ரீவி நல்லது? இப்ப அந்தக் கேள்வி கொஞ்சம் மாறியிருக்கு. “படம் மாதிரிச் சுவரில தொங்குற ரீவி வருதாமே, அதில எது நல்லது?” ஸ்காபரோவில், மார்க்கத்தில், பிராம்ரனில் வீடு திருத்துகிற குடும்பங்கள் கேட்கின்றன. கொண்டோ வாங்கிப் போகிற பிள்ளைகளும் கேட்கினம். கேள்வியில் பிழையில்லை. 65 இஞ்சிக் கறுப்புக் கண்ணாடி ஒன்று அணைந்து கிடக்கும் நேரத்தில் வரவேற்பறைக்கு வடிவில்லைத்தான். ஆனால் கடைக்காரர் இதற்குச் சொல்லும் பதில் பாதிப் பதில். மற்றப் பாதியை யாராவது சொல்லத்தானே வேணும்.

முதலில் கடைப் பாதியைப் பார்ப்போம்.

இந்த வகை ரீவியைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது சாம்சங். 2017இல் ‘த ஃபிரேம்’ என்ற பெயரில் வந்தது. நாங்கள் பார்க்காத நேரத்தில் அது ஓர் ஓவியத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். அறையின் வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் வெளிச்சமும் கூடிக் குறையும். அறையில் ஆளில்லை என்றால் தானே அணைந்துவிடும். சுற்றிவர மரச்சட்டம் போன்ற ஒன்றைக் காந்தத்தால் ஒட்டலாம். 2022இல் மினுக்கமில்லாத மற் திரையைப் போட்டார்கள். பார்க்கிறவரை உண்மையில் ஏமாற்றுவது அந்தத் திரைதான். ஜன்னல் வெளிச்சம் அதில் தெறிக்காது; தள்ளி நின்று பார்த்தால் கடதாசியில் அச்சடித்த படம் என்றே தோன்றும்.

அது நன்றாக ஓடியதைப் பார்த்து 2024 அளவில் ஹைசென்ஸ் ‘கன்வஸ் ரீவி’ என்றும் ரிசிஎல் ‘நெக்ஸ்ற்ஃபிரேம்’ என்றும் இறக்கின. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சொல்லக்கூடியது இதுதான். சாதாரண ஃபிரேம், ஓரத்தில் இருந்து ஒளியூட்டப்படும் எல்சிடி திரை. இருட்டான இடத்தில் மட்டும் ஒளியைக் குறைக்கிற வசதி அதில் இல்லை. அதனால் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்த்தால் கறுப்பு, சாம்பல் நிறமாகத்தான் தெரியும். அதே காசுக்கு, சாம்சங்கிலேயே கூட, இதைவிடத் திறமான படம் தரும் ரீவி வாங்கலாம். 2025இல் வந்த ‘ஃபிரேம் புரோ’ மினி எல்ஈடி என்று விற்கப்படுகிறது. ஆனால் அந்த விளக்குகள் திரையின் பின்பக்கம் முழுக்கப் பரவியிருக்கவில்லை, விளிம்பில்தான் இருக்கின்றன. ஹைசென்ஸில் சட்டம் பெட்டியோடு வரும். சாம்சங்கில் விரும்பின நிறச் சட்டத்துக்குத் தனிக்காசு. ஓவியங்களுக்கு ஹைசென்ஸும் ரிசிஎல்லும் மாதக் காசு கேட்பதில்லை. சாம்சங் கேட்கிறது.

படத்தரத்தை மட்டும் பார்த்தால் தீர்ப்பு லேசு. கிரிக்கெற்றும் படமும் பார்க்கத்தான் ரீவி என்றால் இந்த வகையே தேவையில்லை. சுவரில் வடிவு வேணும் என்றால் விலை குறைந்ததை வாங்குங்கோ. இவ்வளவுதான் கடைப் பாதி.

மற்றப் பாதி அந்த மாதக் காசில் தொடங்குகிறது.

சாம்சங்கின் ஓவியக் களஞ்சியத்தில் 3,000க்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. நியூயோர்க்கின் மெற், மோமா, மட்ரிட்டின் பிராடோ போன்ற பெரிய அருங்காட்சியகங்களோடு ஒப்பந்தம். அமெரிக்காவில் அதன் விலை மாதம் 4.99 டொலர். ஒரு சிறு தொகுப்பை மாதம் மாதம் இலவசமாகக் காட்டுவார்கள். முழுக் களஞ்சியமும் வேணும் என்றால் சந்தா. ரீவி ஏழு வருசம் சுவரில் கிடந்தால் சந்தா மட்டும் 400 டொலரைத் தாண்டும். கட்டுவதை நிறுத்தினால் படமும் போய்விடும். சுவர் எங்கட, ரீவி எங்கட, கரண்ட் காசும் எங்கட. படம் மட்டும் வாடகை.

இது சாம்சங் கண்டுபிடித்த யோசனை இல்லை. 1989இல் பில் கேற்ஸ் ஒரு நிறுவனம் தொடங்கினார். பிறகு அதற்குக் கோர்பிஸ் என்று பெயர் வந்தது. அவருடைய கணக்கு இதுதான்: ஒரு நாள் வீட்டுச் சுவர்களில் திரைகள் வரும், அவற்றில் ஓவியங்கள் ஓடும், அப்போது அந்த ஓவியங்களின் டிஜிற்றல் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் காசு சேரும். தன் சொந்த வீட்டுச் சுவரிலும் அப்படித் திரைகள் வைத்திருந்தார். ஆனால் சாதாரண வீடுகளுக்கு அந்தத் திரை வரக் காலம் எடுத்தது. கோர்பிஸ் படங்களுக்கு உரிமம் விற்கும் கொம்பனியாகி, 2016இல் அதன் படக் களஞ்சியம் ஒரு சீன நிறுவனத்துக்குக் கைமாறியது. இப்ப திரை மலிந்துவிட்டது. பழைய கணக்கு திரும்பி வந்திருக்கு.

வாடகை யாருக்குப் போகிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். வான் கோ இறந்தது 1890இல். அவருடைய ஓவியங்கள் பொதுச் சொத்து. மெற் அருங்காட்சியகம் 2017இல் தன்னிடமுள்ள பொதுச்சொத்து ஓவியங்களின் படங்களை எவரும் எதற்கும் பாவிக்கலாம் என்று திறந்துவிட்டது. அம்ஸ்ரடாமின் ரைக்ஸ்மியூசியமும் சிக்காகோ கலை நிறுவனமும் அப்படியே. அவர்களின் தளத்தில் படத்தை இறக்கி ஃபோனில் இருந்து ரீவிக்கு ஏற்றினால் சந்தா தேவையில்லை. இதைக் கடையில் சொல்ல மாட்டார்கள்.

கனடாவில் இந்தப் பொதுச்சொத்து எப்படிச் சுருங்குகிறது என்பதையும் கவனியுங்கோ. குரூப் ஒஃப் செவன் ஓவியர்களில் ஒருவரான ஏ. வை. ஜாக்சன் இறந்தது 1974இல். பழைய சட்டப்படி, இறந்து 50 வருடம் முடிய, 2025 ஜனவரி 1இல் அவருடைய ஓவியங்கள் எல்லாருக்கும் பொதுவாகியிருக்கும். அமெரிக்கா, மெக்சிகோவோடு செய்த வர்த்தக ஒப்பந்தத்துக்காக, 2022 டிசம்பர் 30 முதல் அந்த 50ஐ 70 ஆக்கினார்கள். இனி 2045 வரை பார்த்திருக்க வேண்டியதுதான். செத்தவரின் உரிமை இருபது வருடம் நீண்டது. இன்றைக்கு ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற்றில் இருந்து வரைகிற பிள்ளைக்கு அதால ஒரு சதமும் இல்லை.

உயிரோடு இருக்கும் ஓவியர்கள் இந்த நாட்டில் எதையும் சும்மா பெறவில்லை. 1967இல் கனடாவின் தேசியக் கலைக்கூடம் தங்கள் தொகுப்பிலிருந்த படங்களைக் காசில்லாமல் மறுபிரசுரம் செய்ய ஓவியர்களிடம் அனுமதி கேட்டது. ஒன்ராறியோவின் லண்டன் நகரத்தில் இருந்த ஜாக் சேம்பர்ஸ் மறுத்தார். மற்ற ஓவியர்களையும் சேர்த்தார். 1968இல் கார்ஃபாக் என்ற ஓவியர் அமைப்பு அப்படித்தான் பிறந்தது. இருபது வருடம் போராடி, 1988இல் காப்புரிமைச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது: விற்பனைக்கு அல்லாமல் பொதுமக்களுக்குக் காட்சிக்கு வைத்தால் ஓவியருக்குக் கட்டணம். ஓர் ஓவியர் “சும்மா தரமாட்டேன்” என்று சொன்னதில் தொடங்கியது அது.

வரைகிறவர் ஒரு பக்கம். அந்தப் படத்தைச் சுவரில் மாட்டுகிறவர் இன்னொரு பக்கம். 2024 மார்ச் 26இல் ரொறன்ரோவின் ஒன்ராறியோ கலைக்கூடத்தில், ஏஜிஓவில், 400க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். படம் மாட்டுகிற தொழில்நுட்பவியலாளர், தச்சர், மின்வேலையாளர், ஆவணக்காப்பாளர், உணவகத்தில் நிற்கிறவர் எல்லாரும் அதில் இருந்தார்கள். டக் ஃபோர்ட் அரசின் 124ஆம் இலக்கச் சட்டம் மூன்று வருடத்துக்குச் சம்பள உயர்வை வருடத்துக்கு ஒரு வீதத்தில் கட்டி வைத்திருந்தது. அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு எதிரானது என்று நீதிமன்றம் சொன்ன பிறகும், கட்டி வைத்த காலத்தில் போன காசை உழைத்தவர் போராடித்தான் கேட்க வேண்டியிருந்தது. நிரந்தரமில்லாத பகுதிநேர வேலை இன்னொரு பிரச்சினை. கலைக்கூடம் சுமார் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தது. டண்டாஸ் வீதியில் பதாகையோடு நின்றவர்கள் இல்லாவிட்டால் ஒரு ஓவியமும் சுவருக்கு ஏறாது என்பது அந்த மாதம் ஊருக்கே தெரிந்தது.

அதே வருடம் செப்டம்பரில், சென்னைக்குப் பக்கத்தில் சிறீபெரும்புதூரில், ரீவி செய்கிறவர்கள் வெளியே வந்தார்கள். 2007இல் தொடங்கின சாம்சங் தொழிற்சாலை அது. ரீவி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் எல்லாம் அங்கே செய்கிறார்கள். சுமார் 1,800 தொழிலாளர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செப்டம்பர் 9இல் இருந்து 37 நாள் வெளியில் இருந்தார்கள். சம்பள உயர்வும் வேலை நேரமும் கோரிக்கையில் இருந்தன. ஆனால் முதல் கோரிக்கை, சிஐடியுவோடு சேர்ந்த தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேணும் என்பது. அக்டோபரில் பொலிஸ் போராட்டப் பந்தலைப் பிரித்தது, ஆக்களைப் பிடித்தது.

அந்தச் சங்கத்தின் பதிவுக்கு நிறுவனம் சொன்ன ஆட்சேபத்தைக் கேளுங்கோ: ‘சாம்சங்’ என்பது எங்கள் வணிகப் பெயர், அதைச் சங்கத்தின் பெயரில் பாவிக்கக்கூடாது. அந்தப் பெயரைப் பெட்டிகளில் ஒட்டி அனுப்புகிறவர்கள், அந்தப் பெயரைத் தங்கள் சங்கத்துக்கு வைக்கக்கூடாதாம். சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், 2025 ஜனவரி 27இல்தான் ‘சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்’ பதிவானது. அடுத்த மாதமே மூன்று தொழிலாளர்களின் இடைநிறுத்தத்தை எதிர்த்துத் திரும்பவும் போராட வேண்டி வந்தது. “இனிச் சங்கம் இல்லாத நிர்வாகம் என்ற பேச்சுக்கே இடமில்லை” என்ற பொருளில் 2020 மே மாதம் கொரியாவில் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டவர் இதே நிறுவனத்தின் தலைவர்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேணும். வட அமெரிக்காவுக்கான சாம்சங் ரீவிகள் பெரும்பாலும் மெக்சிகோவின் ரிஹுவானாவில் பூட்டப்படுகின்றன. எங்கட சுவரில் தொங்குவது சிறீபெரும்புதூர்ப் பெட்டி என்று நான் சொல்லவில்லை. சாம்சங்கை வாங்காதே என்றும் சொல்லவில்லை. ஹைசென்ஸும் ரிசிஎல்லும் தொழிலாளர் சொர்க்கம் இல்லை. ஒப்பிடுகிறபோது எதை ஒப்பிடுகிறோம் என்பதே என் கேள்வி. அருங்காட்சியகத்தோடு ஒப்பந்தம் எழுத நேரமிருக்கிற நிறுவனத்திடம், சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லி 37 நாள் தெருவில் நிற்க வேண்டியிருந்தது. பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் விபரத் தாளில் இது ஒரு வரியாகவும் வராது.

“ஒரு ரீவி வாங்கிறதுக்கும் அரசியலா?” என்று சிலர் கேட்பினம். இரண்டு வேலை செய்து களைத்து வருகிற ஒருவர் தன் வீட்டுச் சுவர் வடிவாக இருக்க ஆசைப்படுவதில் என்ன குற்றம்? ஒரு குற்றமும் இல்லை. வடிவு பணக்காரருக்கு மட்டும் உரியது இல்லை. இந்த ரீவிக்கு எங்கட வீடுகளில் ஒரு நல்ல பயனும் இருக்கு. ஊரில் வீடு எரிந்தபோது அல்பமும் சேர்ந்து எரிந்த குடும்பங்கள் எங்களுக்குள் கனக்க. லண்டனில் ஒரு மாமியிடமும் பாரிசில் ஒரு சித்தப்பாவிடமும் தப்பிக் கிடக்கிற நாலைந்து படங்களை ஸ்கான் பண்ணி எடுத்து, அம்மம்மாவின் முகத்தைப் பேரப்பிள்ளைகள் பெரிதாகப் பார்க்க வைக்கலாம். அதற்குச் சந்தா வேண்டாம். எந்த ரீவியிலும் செய்யலாம்.

அதனால் என் பரிந்துரை நேரானது. ரீவியை ரீவிக்காக வாங்குங்கோ. ஓவியத்துக்கு வாடகை கட்டாதேங்கோ. சந்தாவுக்குப் போகிற அந்த 400 டொலருக்கு, உங்கட ஊரில் இருக்கிற ஓர் ஓவியரிடம் கையொப்பத்தோடு ஒரு படம் வாங்கலாம். அது கரண்ட் போனாலும் சுவரில் இருக்கும். பிள்ளை வளர்ந்து போகும்போது கொண்டுபோகும்.

இதைவிட முக்கியமான ஒன்று எங்கட கையிலேயே இருக்கு. எங்கட கழகங்கள், ஊர்ச் சங்கங்கள், நினைவு நிகழ்வுகள், இடதுசாரிக் கூட்டங்கள் உட்பட, ஓவியரிடம் எப்படிக் கேட்கின்றன? “தம்பி, போஸ்ரருக்கு ஒரு படம் கீறித் தாரும், உமக்கும் ஒரு விளம்பரம்தானே.” 1967இல் தேசியக் கலைக்கூடம் கேட்டதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒரு கண்காட்சிக்கு, ஒரு மறுபிரசுரத்துக்கு ஆகக் குறைந்தது எவ்வளவு கொடுக்கவேணும் என்று கார்ஃபாக் வருடா வருடம் கட்டண அட்டவணை வெளியிடுகிறது. அடுத்த நிகழ்வுக்கு மண்டபக் காசு, சாப்பாட்டுக் காசு, சவுண்ட் காசு என்று கணக்கு எழுதும்போது, அந்த அட்டவணையைப் பார்த்து ஓவியருக்கும் ஒரு வரி எழுதுங்கோ.