மகளுக்குக் கணக்கைக் கொடுங்கள்

ஹைதராபாத்தின் ராமச்சந்திராபுரத்தில், டர்பைன் தயாரிக்கும் பெல் ஆலைக்கு அருகே குடியிருக்கிறேன். பத்தாம் வகுப்பு முடிந்தால் இங்கே பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: மகனுக்குக் கணிதம் உள்ள எம்.பி.சி., மகளுக்கு உயிரியல் உள்ள பை.பி.சி. அவள் கணக்கில் கெட்டிக்காரியாக இருந்தாலும், "ஆலை வேலை பெண்ணுக்கு எதற்கு?" என்கிறார்கள். பிள்ளையின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை.

பெண்ணுக்குப் பொறியியல் புதிதல்ல: கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-களிலேயே மின்பொறியியல் முடித்தவர் அ. லலிதா. இதே ஹைதராபாத்தில் அக்னி ஏவுகணைத் திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் டெஸ்ஸி தாமஸ். பக்கத்துக் கந்தியில் ஐ.ஐ.டி. இருக்கிறது, ஐ.ஐ.டி.கள் 2018 முதல் மாணவிகளுக்குக் கூடுதல் இடங்கள் தருகின்றன. கணிதத்தை விட்டவளால் அவற்றுக்குப் போட்டியிடவே முடியாது.

உயிரியலை விரும்பும் மகனுக்கும் இதே அநீதிதான். பெற்றோரே, விண்ணப்பத்தை நிரப்பும் முன் பிள்ளைகளைக் கேளுங்கள்; அவர்கள் சொல்வதையே எழுதுங்கள்.