துப்பறியும் நவீனமும் நீதியுணர்வும்

துப்பறியும் நவீனங்கள் மாணவரின் பொழுதைக் கவர்ந்து வீணாக்குவன என்றும், அவற்றுக்குக் கல்லூரி நூலகத்தில் இடமளித்தல் தகாதென்றும் பெரியோர் பலர் கருதுவர். அக்கூற்று முற்றிலும் பொய்யன்று. எனினும், அவற்றுள் ஒரு வகையை இப்பழியினின்றும் நீக்க விரும்புகின்றோம். இங்கிலாந்தில் ஜோர்ஜ் என்னும் பெயருடைய மன்னர் நால்வர் அடுத்தடுத்து அரசு செலுத்திய 1714 முதல் 1830 வரையான காலத்தைக் களமாகக் கொண்ட வரலாற்று நவீனங்களே அவை.

அக்காலத்தின் இயல்பை முதற்கண் நோக்குவோம். இலண்டன் மாநகருக்கு முறையான பொலிஸ் படை 1829இலேயே அமைந்தது. அதற்குமுன் கள்வரைப் பிடித்தல் பலருக்குப் பணம் பெறும் தொழிலாயிருந்தது. வழிப்பறிக்காரனைப் பிடித்துத் தண்டனை பெறுவித்தவனுக்கு அரசு 40 பவுண் வெகுமதி அளித்தது. அப்பணத்துக்காகப் பொய்ச்சாட்சி கூறி எளியோரைத் தூக்குமேடைக்கு அனுப்பியோரும் இருந்தனர். கள்வரைப் பிடிப்பதிற் பெயர்பெற்ற ஜொனதன் வைல்ட் என்பான் தானே கள்வர் கூட்டமொன்றின் தலைவன். 1725இல் அவனும் தூக்கிலிடப்பட்டான்.

சட்டமோ மிகக் கொடிது. வீடொன்றினுள் 40 சிலிங் பெறுமதியான பொருளைத் திருடியவனுக்கும் மரணமே தண்டனை. ஆதலின், இரக்கமுள்ள யூரர் பொருளின் பெறுமதி 39 சிலிங் எனக் கூறி உயிர்காத்த வழக்குகள் பல. திருட்டு, கொலை முதலிய குற்றஞ் சாட்டப்பட்டவனுக்காக வழக்கறிஞர் யூரரை நோக்கி உரையாற்றும் உரிமை 1836 வரை இருக்கவில்லை.

இத்தகைய உலகிற் குற்றவாளியைக் கண்டுபிடித்தல் பாதிக் கருமமே. பிடிபட்டவன் மெய்யாகவே குற்றவாளியா? சாட்சி சொல்பவன் எதை விரும்பிச் சொல்கின்றான்? தண்டனை குற்றத்துக்கு ஏற்றதா? சிறந்த நவீனம் இவ்வினாக்களையும் எழுப்புகின்றது. புரூஸ் அலெக்சாந்தர் 1994இல் வெளியிட்ட 'பிளைண்ட் ஜஸ்டிஸ்' இதற்கு நல்ல சான்று. அதன் நாயகர் வரலாற்றில் வாழ்ந்த ஜோன் பீல்டிங். போ வீதி நீதிமன்றின் நீதவான். இரு கண்ணும் பார்வை இழந்தவர். திருடனென்று பொய்யாகக் குற்றஞ் சாட்டப்பட்ட அநாதைச் சிறுவன் ஒருவன் அவர்முன் நிறுத்தப்படுகின்றான். அவர் சூழ்ச்சியை உணர்ந்து அவனை விடுவிக்கின்றார். கண்ணில்லாத நீதவான் காண்பதைக் கண்ணுடையோர் காணாமை படிப்போரைச் சிந்திக்கச் செய்யும்.

இவ்வகை நவீனங்கள் யாவும் நல்லன என்று கூறோம். பொய்ம்முடியையும் குதிரைவண்டியையும் மட்டும் அக்காலத்தினின்றும் கடன்வாங்கி, உள்ளத்தால் இக்காலத்தவனாகிய ஒருவனை நாயகனாக்கும் நூல்களும் உள. அவை வரலாற்றையும் உணர்த்தா, நீதியையும் உணர்த்தா. எது உண்மையோடு இயைந்தது என்று அறிய விரும்பும் மாணவர், இலண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றின் 1674 முதல் 1913 வரையான வழக்குப் பதிவுகளை நோக்குவாராக. அவை இன்று இணையத்திற் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

யூபிலி நினைவாக நூலகத்துக்கு நூல் வழங்க எண்ணும் பழைய மாணவர் இத்தகைய நவீனங்கள் சிலவற்றையும் சேர்த்தனுப்புதல் நன்று. ஒருவன்மீது பழி கேட்டவுடன் நம்பாது, சான்று எங்கே என்று வினவும் பழக்கத்தை இளைஞர் கதை வாயிலாகப் பெறினும் அது கல்வியேயாம்.