ஒலிம்பிக் பதக்கப் பட்டியல் மாறினால் ஒரு வீராங்கனையின் கரியர் என்ன ஆகும்? செர்பியாவின் ஸ்டாஷா கெயோவும் நம்ம ஊர் கேள்வியும்

ஒரகடத்தில் ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ஸில் படப்பை நோக்கி வரும்போது, போனில் அந்த ரீல்ஸ் உங்களுக்கும் வந்திருக்கலாம். சுவர் முழுக்க கலர் கலரா பெரிய பெரிய உருண்டைகள். ஒரு பெண் கயிறு எதுவும் இல்லாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறார். பிடி நழுவி மெத்தையில் விழுகிறார். கையில் வெள்ளைப் பொடியைத் தடவிக்கொண்டு மறுபடி ஏறுகிறார்.

இது சர்க்கஸ் இல்லை. போல்டரிங் என்ற ஒலிம்பிக் விளையாட்டு. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இதற்கென்றே தனி தங்கப் பதக்கம் உண்டு என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2025 ஏப்ரலில் அறிவித்தது.

நல்ல செய்திதான். ஆனா பத்து வருஷத்துக்கு முன்னாடியே இதில் உலகத் தரத்தில் இருந்தவங்க நிலைமை என்ன? அதைப் புரிஞ்சுக்க செர்பியாவின் ஸ்டாஷா கெயோவைப் பார்த்தால் போதும்.

முதலில், போல்டரிங் என்றால் என்ன?

ஸ்போர்ட் கிளைம்பிங்கில் மூன்று பிரிவுகள் இருக்கு.

ஸ்பீடு: 15 மீட்டர் சுவர். உலகம் முழுக்க ஒரே மாதிரி பாதை. யார் முதலில் மேலே போய்த் தொடுறாங்க என்பதுதான் போட்டி.

லீட்: இதுவும் உயரமான சுவர், இடுப்பில் கயிறு. 6 நிமிடத்துக்குள், ஒரே முயற்சியில் எவ்வளவு உயரம் போகிறார்கள் என்று பார்ப்பார்கள். விழுந்தால் அதோடு முடிந்தது.

போல்டரிங்: சுமார் நாலரை மீட்டர் உயரம்தான். கயிறு கிடையாது, கீழே தடிமனான மெத்தை. உயரம் குறைவு, ஆனா ஒவ்வொரு அசைவும் கஷ்டம். ஒவ்வொரு பாதைக்கும் 'ப்ராப்ளம்' என்றே பேர். கணக்குப் பாடத்தில் வருகிற ப்ராப்ளம் மாதிரிதான், விடையை நீங்களேதான் கண்டுபிடிக்கணும்.

இதில் ஒரு சுவாரஸ்யமான விதி உண்டு. போட்டிக்குப் போட்டி பாதை புதுசு. அதை முன்கூட்டியே யாரும் பழகிப் பார்க்க முடியாது. மற்றவர்கள் ஏறுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்காக, முறை வரும்வரை வீரர்களைத் தனி அறையில் வைத்திருப்பார்கள். இறுதிச்சுற்றில் ஒரு ப்ராப்ளத்துக்கு 4 நிமிடம். அதற்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் விழலாம், எழலாம்.

யார் இந்த ஸ்டாஷா கெயோ?

1997 அக்டோபரில், தெற்கு செர்பியாவில் உள்ள நீஷ் நகரத்தில் பிறந்தவர். தலைநகர் பெல்கிரேடு கிடையாது. செர்பியாவின் மொத்த மக்கள்தொகையே 70 லட்சத்துக்கும் குறைவு. ஜோகோவிச்சின் டென்னிஸ், கூடைப்பந்து, வாட்டர் போலோ என்று அந்த நாட்டுக்கு ஏற்கனவே பெரிய விளையாட்டு அடையாளங்கள் இருக்கு. அந்தப் பட்டியலில் கிளைம்பிங் இல்லை. இந்த விளையாட்டில் பெரிய படைகளோடு வருவது ஜப்பான், பிரான்ஸ், ஆஸ்திரியா, ஸ்லோவேனியா மாதிரி நாடுகள்தான்.

அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த கெயோ, 2017 ஜூலையில் போலந்தின் விரோட்ஸ்வாஃப் நகரில் நடந்த வேர்ல்டு கேம்ஸில் போல்டரிங் தங்கம் வென்றார். அப்போது வயது 19. அடுத்த வருடம், 2018ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் போல்டரிங் வெண்கலம். அவருக்கு முன்னால் இருந்தது இரண்டே பேர்: ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட், ஜப்பானின் அகியோ நோகுச்சி. இரண்டு பேருமே இந்த விளையாட்டின் மிகப் பெரிய பெயர்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்கணும். வேர்ல்டு கேம்ஸ் என்பது ஒலிம்பிக்கில் இடம் கிடைக்காத விளையாட்டுகளுக்காகவே நடத்தப்படும் போட்டி. 2017ல் போல்டரிங் வீராங்கனை ஒருவருக்கு இப்படியான பல விளையாட்டுப் போட்டிகளில் கிடைக்கக்கூடிய பெரிய மேடை அதுதான்.

உலகத்தில் மூன்றாவது. ஆனா ஒலிம்பிக்கில் இல்லை. எப்படி?

டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் கிளைம்பிங் முதல்முறையாகச் சேர்ந்தது. ஆனால் ஆண்களுக்கு ஒரு தங்கம், பெண்களுக்கு ஒரு தங்கம், அவ்வளவுதான் கொடுத்தார்கள். கையில் மூன்று பிரிவு, பதக்கம் ஒன்று. என்ன செய்வது? மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள்.

கணக்கு இப்படி: ஒவ்வொரு பிரிவிலும் நீங்கள் பிடித்த இடத்தை ஒன்றோடு ஒன்று பெருக்க வேண்டும். யாருக்குக் குறைவான எண் வருதோ அவருக்குத் தங்கம். கார்ன்பிரெட் ஸ்பீடில் 5வது, போல்டரிங்கிலும் லீடிலும் முதலிடம். 5 × 1 × 1 = 5. தங்கம்.

நூறு மீட்டர் ஓடுகிறவரிடம் மாரத்தானும் ஓடு, இரண்டையும் சேர்த்துத்தான் மார்க் என்று சொன்னால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. ஸ்பீடுக்கும் போல்டரிங்குக்கும் தேவைப்படும் உடற்பயிற்சியே வேறு வேறு. செக் நாட்டின் ஆடம் ஓந்த்ரா உட்பட பல முன்னணி வீரர்கள் இந்த முறையை வெளிப்படையாகவே விமர்சித்தார்கள்.

டோக்கியோவுக்குப் பெண்கள் பிரிவில் மொத்தம் 20 இடம். ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் 2 பேர். அந்த 20 பேரில் ஸ்டாஷா கெயோ இல்லை.

பழியை முழுக்க ஃபார்மட் மேல போடுவதும் சரியில்லை. 2018ல் அவருக்கு முன்னால் நின்ற அதே கார்ன்பிரெட்டும் நோகுச்சியும் மூன்று பிரிவிலும் சமாளித்து டோக்கியோவில் தங்கமும் வெண்கலமும் வாங்கினார்கள். ஆனால் போல்டரிங்குக்குத் தனி இடம் இருந்திருந்தால், உலக சாம்பியன்ஷிப் வெண்கலத்தோடு தகுதிச்சுற்றுக்கு வரும் ஒருவரின் வாய்ப்பு வேறு மாதிரி இருந்திருக்கும் என்பதை மறுக்க முடியாது.

பாரிஸில் என்ன மாறியது?

இதற்குச் சரியான உதாரணம் போலந்தின் அலெக்சாண்ட்ரா மிரோஸ்லாவ். ஸ்பீடு மட்டும்தான் இவருடைய பலம். டோக்கியோவில் ஸ்பீடில் 6.84 வினாடியில் உலக சாதனையே படைத்தார். மற்ற இரண்டிலும் கடைசி, 8வது இடம். 1 × 8 × 8 = 64. நோகுச்சிக்கும் 4 × 4 × 4 = 64. இரண்டு பேரும் சமம். மூன்றில் இரண்டு பிரிவில் மிரோஸ்லாவை நோகுச்சி முந்தியிருந்ததால் வெண்கலம் அவருக்குப் போனது. உலக சாதனை படைத்தவர் வெறும் கையோடு திரும்பினார்.

2024 பாரிஸில் ஸ்பீடைத் தனியாகப் பிரித்தார்கள். அதே மிரோஸ்லாவ் தகுதிச்சுற்றில் 6.06 வினாடியில் மறுபடி உலக சாதனை. தங்கமும் அவருக்கே. வயது 30.

ஆனா போல்டரிங்குக்கு விடிவு வரலை. அது லீடோடு சேர்ந்தே இருந்தது: இரண்டுக்கும் தலா 100 மதிப்பெண், மொத்தம் 200. தங்கம் மறுபடியும் கார்ன்பிரெட்டுக்கு. கெயோ பெயர் பாரிஸ் பட்டியலிலும் இல்லை.

2028ல் என்ன நடக்கும்?

மூன்று ஒலிம்பிக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்.

டோக்கியோ: 40 பேர், 2 தங்கம்.
பாரிஸ்: 68 பேர், 4 தங்கம்.
லாஸ் ஏஞ்சல்ஸ்: 76 பேர், 6 தங்கம்.

பதக்கம் மூன்று மடங்காகியிருக்கு. ஆட்கள் எண்ணிக்கை இரண்டு மடங்கைக்கூடத் தொடவில்லை. அதனால் வாசல் திறந்தாலும் உள்ளே போக நெரிசல் இருக்கும். பெரிய அணிகள் உள்ள நாடுகள் இனி ஒவ்வொரு பிரிவுக்கும் அதற்கென்றே தயார் செய்த ஆளை அனுப்பும். எல்லாம் ஓரளவு தெரிந்தவர்களுக்கு மவுசு குறையும், ஒன்றில் மட்டும் கெட்டிக்காரர்களுக்கு மவுசு கூடும்.

2028 ஜூலையில் கெயோவுக்கும் வயது 30 ஆகியிருக்கும். 19 வயதில் அவர் தங்கம் வென்ற பிரிவு ஒலிம்பிக்கில் தனியாக வந்து சேர்வதற்கு 11 வருடம் ஆகியிருக்கு. ஒரு கிளைம்பருக்கு விரல், தோள்பட்டை எல்லாம் நல்லா ஒத்துழைக்கிற காலமே அவ்வளவுதான்.

இது நமக்குப் புதுசா?

சென்னைக்காரர்களுக்கு நிச்சயமா புதுசு இல்லை. ஸ்குவாஷை எடுத்துக்கோங்க. ஜோஷ்னா சின்னப்பா, தீபிகா பள்ளிக்கல் இரண்டு பேரும் சென்னைதான். 2014 காமன்வெல்த் போட்டியில் ஜோடி சேர்ந்து தங்கம். 2017ல் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் தீபிகாவை வென்று ஜோஷ்னா பட்டம் பெற்றார். இத்தனைக்கும் இரண்டு பேருமே ஒலிம்பிக்கில் ஆடியதில்லை. காரணம் ரொம்ப சிம்பிள். அந்தப் பட்டியலில் ஸ்குவாஷே இல்லை.

2023 அக்டோபரில், மும்பையில் நடந்த ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டத்தில்தான் 2028க்கு ஸ்குவாஷ் சேர்க்கப்பட்டது. அடுத்த சில மாதங்களிலேயே, 2024 ஏப்ரலில், சவுரவ் கோஷல் தொழில்முறை ஆட்டத்திலிருந்து விலகிவிட்டார். ஜோஷ்னா விடவில்லை. 2025 டிசம்பரில் சென்னையில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் 39 வயதில் ஆடினார். 2028ல் அவருக்கு 41.

அதே நேரம், கிளாஸ்கோ 2026 காமன்வெல்த் போட்டிகளில் ஸ்குவாஷை எடுத்துவிட்டார்கள். பாரிஸில் அறிமுகமான பிரேக்கிங் நடனம் லாஸ் ஏஞ்சல்ஸில் இல்லை. ஒரு கமிட்டி கொடுப்பதை இன்னொரு கமிட்டி எடுக்கலாம். ஆடுகிறவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

கிளைம்பிங்கில் இந்தியா எங்கே நிற்குது?

போல்டரிங் நம்ம நாட்டுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஹம்பியின் கிரானைட் பாறைகளில் ஏறுவதற்கென்றே வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். 2016, 2017 இரண்டு வருடமும் போல்டரிங் உலகக் கோப்பைச் சுற்று ஒன்று நவி மும்பையில் நடந்தது. பெங்களூரு வீரர் மணிகண்டன் குமார் 2012ல் பாரிஸில் நடந்த பாரா கிளைம்பிங் உலக சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்றார். 2028ல் பாராலிம்பிக்கிலும் கிளைம்பிங் முதல்முறையாக வருது.

ஆனால் ஒலிம்பிக் கிளைம்பிங்கில் இதுவரை ஒரு இந்தியர்கூடப் பங்கேற்றதில்லை. 2018லிருந்து ஆசியப் போட்டிகளில் இந்த விளையாட்டு இருக்கு, அங்கேயும் பதக்கம் இல்லை. நம்ம நாட்டில் இதை நிர்வகிப்பது டெல்லியில் உள்ள இந்திய மலையேற்ற அறக்கட்டளை. அதாவது, இமயமலைப் பயணங்களுக்கு அனுமதி தரும் அதே அமைப்பு.

சரி, படப்பையில் ஒரு பிள்ளை தொடங்கணும்னா?

இங்கேதான் தனிப் பதக்கம் நமக்கு முக்கியமாகுது. ஸ்பீடு, லீடு இரண்டுக்கும் 15 மீட்டர் சுவர் வேணும். அது ஐந்து மாடிக் கட்டட உயரம், பெரிய செலவு. போல்டரிங்குக்கு நாலரை மீட்டர் போதும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் வரிசையா நிற்கிற குடோன்களில் ஒன்றுக்குள்ளேயே அந்தச் சுவர் அடங்கிடும். இதுவரை ஒலிம்பிக் கனவு என்றால் போல்டரிங்கோடு உயரச் சுவரும் சேர்ந்தே தேவைப்பட்டது. 2028லிருந்து அந்தக் கட்டாயம் இல்லை.

ஆனா சுவர் மட்டும் போதாது. பாதை போட்டிக்குப் போட்டி மாறும் என்று பார்த்தோம் இல்லையா? அப்போ பயிற்சியிலும் பிடிகளைக் கழற்றி மாட்டிப் புதுப் புது ப்ராப்ளம் அமைக்கத் தெரிந்த ஆள் வேணும். தரமான மெத்தை வேணும், பயிற்சியாளர் வேணும். கட்டடம் திறப்பதற்குக் காட்டுகிற ஆர்வத்தை இந்த ஆட்களை உருவாக்குவதிலும் காட்டினால்தான் பலன்.

ஆர்வமுள்ள இளைஞர்களுக்கும் பெற்றோர்களுக்கும் மூன்று விஷயம்:

1. உள்ளரங்கச் சுவரில், மெத்தை இருக்கும் இடத்தில், சொல்லித் தர ஆள் இருக்கும்போது தொடங்குங்கள். ரீல்ஸ் பார்த்துவிட்டுப் பல்லாவரம், பம்மல் பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் ஏறிப் பார்க்கவே கூடாது.

2. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3% இடஒதுக்கீடு இருக்கு. எந்த விளையாட்டு, எந்தப் போட்டிச் சான்றிதழ் செல்லும் என்பதை அரசின் பட்டியல்தான் முடிவு செய்யும். வேலை முக்கியம் என்றால் அதை முதலில் பாருங்கள்.

3. படிப்பை விடாதீங்க. கெயோ மாதிரி உலகத்தில் மூன்றாவதாக வந்தவருக்கே கதவு திறக்கவில்லை என்றால், இதை மட்டும் நம்பி இறங்குவது எவ்வளவு ரிஸ்க் என்று யோசிக்கணும்.

அதே சமயம் இன்னொன்றும் உண்மை. 2017ல் நீஷிலிருந்து போட்டிக்குப் போன அந்த 19 வயதுப் பெண், ஒலிம்பிக்கில் தனிப் பதக்கம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அன்றைக்கு இருந்த சுவரில் ஏறினார். இன்றைக்குத் தொடங்கும் ஒரு பிள்ளைக்கு அவரைவிடக் கூடுதலா இருப்பது ஒன்றுதான்: மேலே போய்ச் சேர்ந்தால் தொடுவதற்கு அங்கே ஒரு பதக்கம் இருக்கு. 2032ல் அது அங்கேயே இருக்குமா என்பதை மட்டும் ஒவ்வொரு அறிவிப்பிலும் கவனிச்சுக்கிட்டே இருக்கணும்.