முதலாண்டு மலிவும் பத்தாண்டுப் பொறுப்பும்

தமிழ் அமைப்பொன்று இணையத்தளம் காண விழைகின்றது. திறப்பு விழாவிற்கு மண்டபம் பேசப்படுகின்றது. மாலையும் பொன்னாடையும் வாங்கப்படுகின்றன. அழைப்பிதழ் பல வண்ணத்தில் அச்சேறுகின்றது. அத்தளத்தின் பெயரை எவரிடம் பதிவது என்னும் வினா எழும்போது மட்டும், "எங்கே மலிவோ அங்கே பதிந்துவிடலாம்" என்ற ஒற்றை வரியோடு செயற்குழு கலைந்துவிடுகின்றது. யானையை விலைக்கு வாங்கியவன் அங்குசத்திற்குப் பேரம் பேசிய கதை இது. சில ஆண்டுகள் சென்றபின், அந்த முகவரியைத் தேடிவரும் மாணவன் அங்கே பள்ளியின் வரலாற்றைக் காண்பதில்லை. சூதாட்ட விளம்பரத்தைக் காண்கின்றான். பெயர் அதுவே, உரியவர் வேறு. இதனைத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லித் தப்பிக்க இயலாது. இது பொறுப்பின்மை.

'டொமைன்' என்று வழங்கும் ஆள்களப் பெயர், ஒருமுறை விலைகொடுத்து என்றென்றும் உரிமையாக்கிக் கொள்ளும் நிலமன்று. காலந்தோறும் புதுப்பிக்க வேண்டிய குத்தகையாகும். டாட் காம் போன்ற பெயர்களை ஒரே தடவையில் 10 ஆண்டுகளுக்கு மேல் பதிய முடியாது. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த இப்பெயர் முறையின்கீழ், முதல் டாட் காம் பெயர் 1985 மார்ச் 15-இல் பதிவாயிற்று. 1995 வரை பதிவோர் கட்டணம் செலுத்தவில்லை. அவ்வாண்டு முதல், பதிவுரிமையைத் தனியே கைக்கொண்டிருந்த ஒரே நிறுவனம் ஈராண்டுக்கு 100 அமெரிக்க டாலர் பெற்றது. 1998-இல் ஐகேன் என்னும் அமைப்புத் தோன்றியது, 1999-இல் பதிவாளர் பலர் களம் இறங்கினர், விலை சரிந்தது. போட்டி நன்மையே பயந்தது. ஆயின், போட்டியோடு தூண்டிலும் வந்து சேர்ந்தது.

அத்தூண்டிலை அறிய, விலை எவ்வாறு அமைகின்றது என்பதை அறிதல் வேண்டும். ஐகேன் விதிகளை வகுக்கின்றது. டாட் காம் பெயர்களின் மூலப்பதிவேட்டை வெரிசைன் நிறுவனம் காக்கின்றது. மக்களுக்குப் பெயரைப் பதிந்து தருபவர் பதிவாளர். அவருக்கும் கீழே மறுவிற்பனையாளர் உளர். தளம் வடிவமைத்துத் தரும் உள்ளூர்க்காரர் பெரும்பாலும் இவ்வகையினரே. ஒரு டாட் காம் பெயருக்குப் பதிவாளர் வெரிசைனுக்குச் செலுத்தும் ஆண்டுத் தொகை 2024 செப்டம்பரில் 10.26 அமெரிக்க டாலராக உயர்ந்தது. ஐகேனுக்குரிய கட்டணம் 2025 சூலையில் 20 காசாயிற்று. ஆக, 2025-இல் அடக்கவிலையே 10 டாலர் 46 காசாயிற்று. அப்பொருளை ஒரு டாலருக்குத் தருவேன் என்று ஒருவர் கூவி அழைப்பாராயின், அவர் அறம் செய்யக் கடைவிரித்தவர் அல்லர். முதலாண்டில் இழப்பதை அடுத்தடுத்த ஆண்டுகளில் ஈட்டிக்கொள்ளும் கணக்கு அவரிடம் உண்டு.

"எங்கள் சங்கம் ஏழைச் சங்கம், மலிவைத் தேடாமல் வேறென் செய்வோம்?" என்பார் உளர். மலிவைத் தேடுதல் குற்றமன்று. மலிவை ஓராண்டைக் கொண்டு அளப்பதே குற்றம். ஆறாம் வகுப்பு மாணவனும் போடத்தக்க கணக்கு இது. முதலாண்டு 1 டாலரும் பின்னர் ஆண்டுக்கு 22 டாலரும் பெறுபவரிடம் பத்தாண்டில் 199 டாலர் செல்லும். எல்லா ஆண்டும் 12 டாலர் பெறுபவரிடம் 120 டாலரே செல்லும். இவர்களுள் மலிவானவர் யார்? முதலாண்டு விலையைப் பெரிய எழுத்தில் பொறித்து, புதுப்பிப்பு விலையைப் பொடியெழுத்தில் மறைப்பவரை ஏழைச் சங்கம் நாடுதல் ஆகாது. பணம் மிக்கவர் ஏமாந்தால் தாங்குவர், இல்லாதவர் தாங்கார்.

விலை ஒருபுறம் இருக்க, நம்பகம் அதனினும் பெரிது. ரெஜிஸ்டர்ஃபிளை என்னும் பதிவு நிறுவனத்தின் வீழ்ச்சி இதற்குச் சான்று. புதுப்பிப்புக் கட்டணம் செலுத்திய வாடிக்கையாளர் பலர் தங்கள் பெயர்களை இழந்து அலமந்தனர். 2007-இல் ஐகேன் அந்நிறுவனத்தின் அங்கீகாரத்தை நீக்கி, அதன்பால் இருந்த பெயர்களை வேறொரு பதிவாளரிடம் ஒப்படைக்கச் செய்தது. அதன்பின்னரே, பதிவாளர் ஒவ்வொருவரும் உரிமையாளர் விவரங்களின் படியை வெளியார் காப்பில் வைக்கும் திட்டம் முழுமையாகச் செயற்படலாயிற்று. ஆகவே, ஐகேன் வெளியிடும் அங்கீகாரப் பட்டியலில் நிறுவனத்தின் பெயர் உண்டா என்று பார்ப்பது முதற்கடமை. மறுவிற்பனையாளரிடம் வாங்குவோர், அவருக்குப் பின்னே நிற்கும் பதிவாளர் யார் என்று கேட்டறிதல் இரண்டாம் கடமை.

மறதியின் விளைவும் சிறிதன்று. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தனது பாஸ்போர்ட் டாட் காம் பெயருக்குரிய கட்டணத்தைச் செலுத்த மறந்தது. மின்னஞ்சல் பயனர் அல்லலுற்றனர். வெளியார் ஒருவர் 35 டாலர் கட்டி உதவினார். உலகப் பெருநிறுவனத்திற்கு உதவ ஒருவர் முன்வந்தார். ஒரு தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்திற்கு அவ்வாறு எவர் வருவார்? தவணை தவறிய டாட் காம் பெயரைப் பதிவாளர் 45 நாள் வரை வைத்திருக்கலாம். அதற்குள்ளேயே ஏலத்தில் விடுவாரும் உளர். நீக்கப்பட்ட பெயருக்கு 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அப்போது கேட்கப்படும் தொகை பெரும்பாலும் ஆண்டுக் கட்டணத்தின் பன்மடங்கு. அதன்பின் 5 நாள் கழிந்தால் பெயர் பொதுவெளிக்கு வந்துவிடும். தவணை முடிவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னும் ஒரு வாரம் முன்னும் பதிவாளர் நினைவூட்ட வேண்டும் என்பது ஐகேனின் விதி. ஆயின், அந்நினைவூட்டல் எந்த மின்னஞ்சலுக்குச் செல்கின்றது?

கேடு இங்கேதான் வேர்கொள்கின்றது. தமிழ் அமைப்புகள் பலவற்றின் பெயர்கள் அமைப்பின் பெயரில் இல்லை. ஆர்வமிக்க இளைஞர் ஒருவரின் பெயரில், அவருடைய தனி மின்னஞ்சலில், அவருடைய கடன் அட்டையில் உள்ளன. அவர் வெளிநாடு செல்லலாம், சங்கத்தோடு பிணங்கலாம், மறையவும் கூடும். சங்கக் கட்டடத்தின் பத்திரத்தைத் தொண்டர் ஒருவரின் பெயரில் எழுத ஒப்பாத செயற்குழு, சங்கத்தின் முகவரியை மட்டும் அவ்வாறு எழுதித் தருவது எவ்வகை நியாயம்? தொண்டரின் மீது ஐயம் கொள்வதாக இதற்குப் பொருளன்று. தனியொருவர் தோளில் பொதுச்சுமையை ஏற்றுவதே அவருக்குச் செய்யும் அநீதி.

"பெயரும் வேண்டா, பதிவாளரும் வேண்டா, முகநூல் பக்கமே போதும்" என்று வாதிடுவாரும் உளர். இலவசத்தை நம்பியவர் கண்ட முடிவை வரலாறு காட்டுகின்றது. ஜியோசிட்டிஸ் என்னும் இலவசத் தளத்தில் உலகெங்கும் எண்ணற்றோர் பக்கங்கள் அமைத்தனர், தமிழரும் அமைத்தனர். 2009 அக்டோபரில் யாஹூ நிறுவனம் அதனை மூடியது. தனிப்பெயர் உடையவர் தம் பக்கங்களை வேறு கணினிக்கு மாற்றினாலும் முகவரி மாறாது. பிறர் திண்ணையில் குடியிருப்பவர்க்கு அந்த வாய்ப்பு இல்லை.

மலேசியத் தமிழர்க்கும் சிங்கப்பூர்த் தமிழர்க்கும் இப்பொறுப்பு மிகுதியும் உண்டு. 1997-இல் தமிழ் இணைய மாநாடு கூடிய ஊர் சிங்கப்பூர். தமிழைக் கணினியில் ஏற்றிய முன்னோடிகளான நா. கோவிந்தசாமி சிங்கப்பூரர், முத்து நெடுமாறன் மலேசியர். சிங்கப்பூர் என்னும் நாட்டுப்பெயரே 2011-இல் தமிழ் எழுத்தில் உயர்நிலை ஆள்களமாக இடம்பெற்றது. நாட்டுப் பெயர்களைச் சிங்கப்பூரில் எஸ்ஜிநிக்கும் மலேசியாவில் மைநிக்கும் மேற்பார்க்கின்றன. மலேசியாவில் 'டாட் ஆர்க் டாட் மை' போன்ற பெயர்கள் அமைப்புகளுக்கெனவே வகுக்கப்பட்டவை. பதிவு பெற்ற சங்கங்கள் இவ்வழியையும் கருதிப் பார்த்தல் நன்று. முன்னோர் வழி சமைத்துத் தந்தனர். பின்னோர் அவ்வழியில் நட்ட பெயர்ப்பலகையைக் காக்கத் தவறினால் அதனை என்னென்பது?

மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. தோட்டங்கள் மறைந்தபோது அவற்றோடு மறைந்த பள்ளிகளும் உண்டு. அவற்றின் நிழற்படங்களையும் ஆண்டுமலர்களையும் மாணவர் கட்டுரைகளையும் இணையத்தில் சேர்த்து வைப்போர், மண்ணில் இழந்ததை வேறோரிடத்தில் காக்கின்றனர். அவ்விடத்தின் பெயரும் பறிபோனால் அது இரண்டாம் இழப்பாகும்.

ஆதலின், பதிவாளரைத் தேர்வோர் கேட்க வேண்டிய வினாக்கள் சிலவே. புதுப்பிப்பு விலை என்ன? உரிமையாளரின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் மறைத்துக் காக்கத் தனிக்கட்டணம் உண்டா? இடர் நேர்ந்தால் மறுமொழி கூற மனிதர் உளரா? பிரிந்து செல்ல விரும்பினால் இடமாற்றத் திறவுச்சொல்லைத் தடையின்றித் தருவாரா? டாட் காம் போன்ற பெயர்களுக்கு, கேட்ட 5 நாளுக்குள் அதனைத் தர வேண்டும் என்பது ஐகேன் விதி. வருவோரை வாயிலில் வரவேற்று, செல்வோரைக் கதவடைத்துத் தடுப்பவர் நம்பத் தகாதவர்.

பெயர் அமைப்பின் பெயரில் பதிவாகட்டும். மின்னஞ்சல் பொறுப்பாளர் இருவரேனும் திறக்கத்தக்க பொது மின்னஞ்சலாகட்டும். தவணை நாள் ஆண்டுக்கூட்ட அறிக்கையில் வரவு செலவுக் கணக்கோடு இடம்பெறட்டும். ஆசிரியர் இதனை மாணவர்க்கு ஒரு பாடமாகவே கற்பிக்கலாம்; வருகைப் பதிவேட்டை நாள்தோறும் தவறாது எழுதும் கைகளுக்கு ஆண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பித்தல் அரிதன்று. தமிழ் வாழ்க என்று மேடையில் முழங்குதல் எளிது. தமிழ் வாழும் முகவரிக்கு உரிய நாளில் உரிய தொகையைச் செலுத்துதலே தொண்டு.