குடியேறிய இருவர்

இலங்கையின் நவீன கட்டடக்கலை வரலாற்றை எழுதுவோர் உல்ரிக் பிளெஸ்னரைப் போற்றத் தவறுவதில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த அவ்விளைஞர் 1958 இல் மினெட் டி சில்வாவின் அழைப்பை ஏற்றுக் கண்டிக்கு வந்தார். பின்னர் கொழும்பில் ஜெஃப்ரி பாவாவுடன் இணைந்து 1967 வரை பணியாற்றினார். 1980களில் மீண்டும் வந்து மகாவலிப் புதுநகரங்களைத் திட்டமிட்டார். ஓட்டுக்கூரை, முற்றம், தாழ்வாரம் ஆகிய சுதேச மரபுகளை அந்நியர் ஒருவர் மதித்துக் கற்றமை பாராட்டுக்குரியதே. குறை அவரிடம் இல்லை. அவ்வரலாறு யாரை உள்ளடக்குகிறது, யாரை விலக்குகிறது என்பதிலேயே உள்ளது.

குருநாகல் மாவட்டத்துப் பொலொன்தலாவையில், தோட்ட முகாமையாளருக்கெனப் பாவாவும் பிளெஸ்னரும் அமைத்த பங்களா 1960களின் நடுப்பகுதிக்குரியது. அங்குள்ள பெரும் பாறைகளை அகற்றாது, அவற்றையே துணையாகக் கொண்டு அவ்வீடு எழுப்பப்பட்டது. பாறைக்குக் கிட்டிய அம்மரியாதை மலையகத் தொழிலாளிக்குக் கிட்டியதா? 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கிற்று. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. காட்டை அழித்துத் தோட்டமாக்கிய பரம்பரையின் இருப்பிடமோ பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவாகவே நின்றது. லக்சபான முதல் பொல்பிட்டிய வரை மலைநீர் மின்சாரமாகிக் கொழும்பை ஒளிரச்செய்த பின்னரும், தோட்டத்து லயங்கள் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கையே நம்பியிருந்தன.

பணம் கொடுப்பவன் கேட்பதையே கட்டடக்கலைஞன் கட்ட முடியும் என்பர் சிலர். இது வாதமன்று, ஒப்புதல் வாக்குமூலம். துரைக்குக் கலை, தொழிலாளிக்குக் கொட்டில் என வகுத்தது அழகியல் அன்று, வர்க்கமே என்பதை அவர்களே உரைக்கின்றனர்.

வேறு வழி அக்காலத்தில் அறியப்படவில்லை என்றும் கூறவியலாது. கண்டியின் வட்டபுலுவவில் 1950களில் அரசாங்க ஊழியருக்கு வீடமைத்தபோது, மினெட் டி சில்வா குடியிருக்கப் போவோரிடமே வினாக்கொத்துக் கொடுத்துத் தேவைகளைக் கேட்டறிந்தார். எழுதுவினைஞரிடம் கேட்கப்பட்ட கேள்வி கொழுந்து பறிப்பவளிடம் கேட்கப்படவில்லை.

2003 ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கிற்று. லயங்களுக்கு மாற்றாகத் தனிவீடுகளும் எழுகின்றன. வரவேற்கத்தக்கதே. ஆயினும், ஒரே அச்சில் வார்த்த வரைபடம் மேலிருந்து இறங்குமாயின் லயத்தின் மனோபாவம் அழியாது. கட்டடக்கலை பயிலும் மாணவர் பாவாவின் பங்களாக்களை அளந்து வரைவதோடு நில்லாது லயங்களையும் அளக்கட்டும். அவற்றில் வாழ்வோரிடம் எத்தகைய வீடு வேண்டும் எனக் கேட்கட்டும். வட்டபுலுவவின் பாடம் தேயிலை மலைக்கு வந்துசேர இனியும் தாமதிக்க நியாயமில்லை.